நிறத்தில் தொடங்கும் கார்

தகரக் காரில் நிறம் கடைசி வேலை. தகட்டை அச்சில் அழுத்தி, வெல்டிங் வைத்து, பிரைமர் அடித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் வண்டி பெயின்ட் பூத்துக்குள் போகும். ஃபைபர் காரில் இந்த வரிசை தலைகீழ். வெறும் அச்சுக்குள் முதலில் விழுவது நிறம். அந்த நிறத்தின் முதுகில்தான் கண்ணாடி இழையும் ரெசினும் ஏறி உடலாகின்றன.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், நியூபோர்ட் பீச் என்ற கடலோர ஊரில் 1964-ல் பிறந்த ‘மேயர்ஸ் மேங்க்ஸ்’ வண்டியின் உடல்கள் இப்படித்தான் அச்சிலிருந்து வெளியே வந்தன. மணல்மேட்டில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. கதவு கிடையாது, நிரந்தரக் கூரை கிடையாது, நான்கு சக்கரத்துக்கு மேலும் உருண்டு திரண்ட மட்கார்டு. அறுபது ஆண்டு கழித்து இன்றும் இவற்றைத் தேடிப் பிடித்துச் சீர்செய்வது பலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அது பொழுதுபோக்கு என்ற அளவையும் தாண்டிப் போய்விட்டது. அவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. விரிசல் விட்ட மட்கார்டை ஒட்டியாயிற்று. ஒட்டிய இடத்தின் நிறத்தைப் பக்கத்து நிறத்தோடு சேர்ப்பது எப்படி?

கலர் மேட்சிங் என்றால் டப்பாவில் சரியான நிறம் கலக்குவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வேலையில் அது கால் பங்குகூட வராது. நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு பொறுமையோடு செய்யப்பட்டது என்பதில்தான் மீதி முழுவதும் அடங்கியிருக்கிறது. ஃபைபர் உடலில் அவசரம் காட்டினால் அது உடனே தெரியாது. வண்டி வெயிலில் நின்று சில மாதம் போன பிறகுதான் தெரியும்.

படகுக்காரர் செய்த வண்டி

மேங்க்ஸை உருவாக்கிய புரூஸ் மேயர்ஸ் 1926-ல் பிறந்தவர். அலைச்சறுக்கில் பித்து, ஓவியப் படிப்பு, இரண்டாம் உலகப் போரில் ‘பங்கர் ஹில்’ விமானந்தாங்கிக் கப்பலில் பணி என்று பல இடம் சுற்றிவந்து, கடைசியில் ஃபைபர் படகு கட்டும் தொழிலில் கைதேர்ந்தார். கடற்கரை மணலில் பிரித்துப்போட்ட பழைய கார்களை நண்பர்கள் ஓட்டுவதைப் பார்த்தவருக்கு, படகு கட்டும் அதே முறையில் ஒரு வண்டி செய்தால் என்ன என்று தோன்றியது.

ஃபைபர் கார் என்பது அவர் கண்டுபிடிப்பு அல்ல. அதே கலிஃபோர்னியாவில் பில் டிரிட் என்ற இன்னொரு படகுக்காரர் 1950-களின் தொடக்கத்திலேயே ‘கிளாஸ்பார் ஜி2’ என்ற ஃபைபர் உடலைச் செய்து விற்றார். செவ்ரோலே நிறுவனம் 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் கார்வெட்டைக் காட்சிக்கு வைத்து, அதே ஆண்டு ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலம் ஃப்ளின்ட் நகரில் உற்பத்தியையும் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு செய்த 300 கார்களுக்கும் ஒரே நிறம்: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. 1957-ல் இங்கிலாந்தின் லோட்டஸ் எலீட் இன்னும் ஒரு படி மேலே போய், தனி அடிச்சட்டமே இல்லாமல் முழு வண்டியையும் ஃபைபரில் வார்த்துக் காட்டியது.

தகரத்தில் ஒரு மட்கார்டு அழுத்த வேண்டுமென்றால் எஃகு அச்சும் ராட்சத பிரஸ்ஸும் வேண்டும். அது பெரிய கம்பெனிகளால் மட்டும் முடிகிற காரியம். ஃபைபருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மரத்திலோ பிளாஸ்டரிலோ முதல் உருவத்தைச் செதுக்கி, அதன்மேல் அச்சு எடுத்துவிட்டால் ஒரு கொட்டகையும் இரண்டு மூன்று ஆட்களும் போதும். கார் உடலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை தனி மனிதர்கள் கைக்கு வந்தது இந்தப் பொருளால்தான். என்னைக் கேட்டால், கார் வரலாற்றில் இன்ஜினுக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

மேயர்ஸின் முதல் வண்டிக்கு ‘ஓல்டு ரெட்’ என்று பெயர். அதையும் சேர்த்து முதல் பன்னிரண்டு வண்டிகளில் ஃபைபர் உடலே அடிச்சட்டத்தின் வேலையையும் பார்த்தது. செலவு கட்டுப்படியாகவில்லை என்பதால் அடுத்து வந்தவை ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தில் பொருந்தும்படி மாற்றப்பட்டன. பழைய பீட்டிலை வாங்கி, உடலைக் கழற்றிப் போட்டுவிட்டு, தரைத்தளத்தில் பதினாலேகால் அங்குலத்தை வெட்டி எடுத்து மறுபடி வெல்டிங் வைத்து, அதன்மேல் மேங்க்ஸ் உடலை போல்ட் போட்டு முடுக்க வேண்டியதுதான். வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிடலாம்.

1967-ல் மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டிச் சென்று, அதுவரை மோட்டார் சைக்கிளில் இருந்த சாதனையை ஐந்து மணி நேரத்துக்கும் மேலான வித்தியாசத்தில் உடைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நடந்த முதல் ‘மெக்சிகன் 1000’ பந்தயத்தில் ஜெயித்ததும் மேங்க்ஸ்தான். அடுத்த ஆண்டு ‘தி தாமஸ் கிரவுன் அஃபேர்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் மேங்க்ஸை மணலில் பறக்கவிட்டார். பெயர் பரவியது, கூடவே நகல்களும் பரவின.

ஃபைபர் உடலை நகல் எடுப்பது அவ்வளவு சுலபம். ஒரு வண்டியை விலைக்கு வாங்கி, மெழுகு தடவி, அதன்மேலேயே அச்சு எடுத்துவிடலாம். மேயர்ஸ் காப்புரிமை வழக்குப் போட்டுத் தோற்றார். அவருடைய கம்பெனி சில ஆயிரம் உடல்கள் செய்தது. நகல்கள் அதைப் போலப் பல மடங்கு. 1970-களின் தொடக்கத்தில் கம்பெனி மூடப்பட்டது. சீர்செய்பவர்களுக்கு இந்த வரலாறு வெறும் கதையாக நின்றுவிடுவதில்லை. ரெசின் இறுகும்போது சுருங்கும். அதனால் நகலின் நகலாக எடுத்த உடல் அசலைவிட ஒரு பொடி சிறுத்திருக்கும், விளிம்புகள் நேராக இருக்காது, அசல் அச்சில் இருந்த கீறலும் அதில் மங்கலாகப் பதிந்திருக்கும். நிறம் அடித்த பிறகு ‘ஏதோ அலையடிக்கிற மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றினால், பல சமயம் குற்றம் பெயின்டில் இருக்காது, அந்தப் பழைய அச்சில் இருக்கும்.

அச்சுக்குள் நடப்பது

அச்சின் உட்புறம் கண்ணாடி போலப் பளபளப்பாக இருக்க வேண்டும். அதன்மேல் பல கை மெழுகு ஏற்றித் துடைப்பார்கள். பிறகு ஜெல்கோட். நிறமி கலந்த, கெட்டியான பாலியஸ்டர் ரெசின்தான் ஜெல்கோட் என்பது. அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீராக அடிக்க வேண்டும். இந்த அரை மில்லிமீட்டர்தான் பின்னால் உலகம் பார்க்கப் போகும் தோல். கனம் குறைந்தால் உள்ளே இருக்கும் இழை தெரியும், கூடினால் வெடிக்கும்.

ஜெல்கோட் விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் மேட் விரிக்கிறார்கள். நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பாய் போலப் பரப்பி லேசாக ஒட்டவைத்தது மேட். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ளது சாதாரணமாகப் புழங்குவது. இறுக வைக்கும் ஹார்டனர் சேர்த்த ரெசினை பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைத்தால் வெள்ளையாக இருந்த மேட் மெல்ல மெல்ல ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். எங்காவது வெண்மை மிச்சமிருந்தால் அங்கே ரெசின் இறங்கவில்லை, காற்று நிற்கிறது என்று அர்த்தம். அதை இரும்பு ரோலரால் உருட்டி வெளியே தள்ள வேண்டும். தள்ளாமல் விட்ட ஒரு குமிழி, ஆறு மாதம் கழித்து வெயிலில் விரிந்து, மேலே பூசிய விலை உயர்ந்த பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும்.

ஹார்டனர் அளவு ரெசினில் 1 முதல் 2 சதவீதம். சூடான ஊரில் இதிலும் குறைவான பக்கமே நிற்க வேண்டும். அதிகம் ஊற்றினால் கப்பிலேயே ரெசின் புகைந்து வெடிக்கும். பாலியஸ்டர் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் ஒரே நாளில் முடிவதில்லை. நிறம் அடித்துப் பாலிஷ் போட்டு, வண்டி அழகாக நின்ற பிறகும், உள்ளே ரெசின் மெல்ல இறுகிக்கொண்டே போகிறது. வெயில் அதை வேகப்படுத்தும். ஒரு நாள் பானெட்டைச் சாய்வாகப் பார்த்தால் உள்ளே கிடக்கும் இழைகளின் வரிகள் மேலே எழும்பித் தெரியும். கறுப்பு, அடர்நீலம் போன்ற நிறங்களில் இந்தக் கோளாறு அதிகம், ஏனென்றால் அவை வெயிலில் கடுமையாகச் சூடேறும். அதனால்தான் புது ஃபைபர் பாகத்தைச் சில வாரமாவது வெயிலில் போட்டுவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கட்டும் என்று விட்டுவிட்டு, அதன்பிறகு தேய்த்து பிரைமர் அடிக்கிறார்கள் தேர்ந்தவர்கள். கஸ்டமர் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காத கடைக்காரரே நல்ல கடைக்காரர்.

கார்வெட்டில் இதே பிரச்னை வேறு வேடத்தில் வரும். 1950-60-களின் கார்வெட் உடல் பல ஃபைபர் துண்டுகளை உள்ளே பட்டை கொடுத்து ஒட்டிச் சேர்த்தது. முன் மட்கார்டின் மேற்புறத்தில் ஓடும் அந்த ஒட்டு, எத்தனை முறை பட்டி பார்த்துத் தேய்த்து மறைத்தாலும், வருடங்கள் போகப்போக மெல்லிய கோடாகத் திரும்பவும் தலைகாட்டும். அந்தக் காலத்து கார்வெட்டை விலைக்கு வாங்குபவர்கள் முதலில் தேடுவதே அந்தக் கோட்டைத்தான். கோடு இருந்தால் அந்த மட்கார்டு கம்பெனியில் ஒட்டியது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

விரிசலை மூடுவதா, திறப்பதா

பழைய மேங்க்ஸில் போல்ட் துளைகளைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் கிளம்பியிருக்கும். பட்டியை வழித்து மேலே பெயின்ட் அடித்தால் இரண்டு மாதம் தாங்கும். விரிசலுக்குக் காரணம் அடியில் இருக்கிறது. உடல் அந்த இடத்தில் வளைந்து கொடுக்கிறது. பின்புறம் மேட் வைத்துப் பலப்படுத்தாமல் முன்புறம் செய்யும் எதுவும் நிலைக்காது. விரிசலை மூடுவதற்கு முன் அதை நன்றாகத் திறக்க வேண்டும். ஆழம்வரை ‘வி’ வடிவத்தில் கிரைண்டரால் அரைத்து, அடியில் நல்ல ஃபைபர் தெரிந்த பிறகே நிரப்ப வேண்டும்.

உடல் முழுதாகக் கிழிந்திருந்தால், கிழிந்த விளிம்பின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது நல்ல கணக்கு. மூன்று மில்லிமீட்டர் கனமான மட்கார்டில் இரு பக்கமும் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் சரிவு வரும். பார்க்கிறவருக்கு, இருந்த ஓட்டையை இவர் இன்னும் பெரிதாக்கிவிட்டாரே என்று மனம் பதறும். அந்தச் சரிவில் படிப்படியாக அகலம் கூடும் மேட் துண்டுகளை ஒட்டினால்தான் புதியது பழையதோடு ஒன்றாக நிற்கும்.

தேய்க்கும் முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் மறக்கிறார்கள். அச்சில் தடவிய மெழுகு உடலின் மேலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். முதலில் மெழுகெடுக்கும் திரவத்தால் துடைக்காமல் எமரி பேப்பரை வைத்தால், அந்த மெழுகு கீறல்களுக்குள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும். பிறகு எந்த பெயின்ட் அடித்தாலும் அங்கங்கே வட்டமாக விலகிக் குழி விழும். பெயின்ட் உரிக்கத் தகரத்தில் பூசும் ரசாயனமும் இங்கே ஆகாது. பெயின்டோடு ஜெல்கோட்டையும் அது தின்றுவிடும். கையால் தேய்த்து எடுப்பதுதான் நல்ல வழி.

மினுங்கும் தலைவலி

அறுபதுகளின் மணல் வண்டிகளுக்குப் புகழ் சேர்த்தது மெட்டல்ஃபிளேக். வெள்ளி, நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறமேற்றிய மினுங்கும் துணுக்குகள் ஜெல்கோட்டிலேயே கலந்திருக்கும். அச்சுக்குள் முதலில் நிறமற்ற ஜெல்கோட் ஒரு பூச்சு, பிறகு ஃபிளேக் கலந்த பூச்சு, அதன் முதுகில் பின்னணி நிறம். வெளியே எடுத்தால் மினுக்கு ஒரு கண்ணாடிப் படலத்துக்குக் கீழே ஆழத்தில் கிடப்பதுபோல் தெரியும்.

இதில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால் சரிசெய்வது கடினத்திலும் கடினம். உள்ளேயிருந்து வெளியே கட்டியதை இப்போது வெளியிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும்: முதலில் பின்னணி நிறம், அப்புறம் ஃபிளேக், கடைசியில் நிறமற்ற ஜெல்கோட். துணுக்கின் அளவு ஒத்துப்போக வேண்டும். எத்தனை துணுக்கு என்ற அடர்த்தி ஒத்துப்போக வேண்டும். எந்தச் சாய்வில் படுக்கிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும். மேலே போதிய கனம் இல்லாமல் தேய்த்துவிட்டால் எமரி பேப்பர் துணுக்குகளின் தலையையே சீவிவிடும். நிறம் போய் வெறும் அலுமினியம் பல்லிளிக்கும்.

ஒரே நிறமான ஜெல்கோட் இந்த அளவு கொடுமைப்படுத்தாது, என்றாலும் அதிலும் ஒரு கண்ணி உண்டு. அறுபது வருட வெயிலில் மேல்தோல் சுண்ணாம்பு பூத்து வெளுத்திருக்கும். அந்த வெளுப்பைப் பார்த்து நிறம் கலக்கினால், கலந்து முடித்துப் பாலிஷ் போட்ட அன்றே இரண்டும் பிரிந்துவிடும். முதலில் ஒரு கைக்குட்டை அளவு இடத்தை காம்பவுண்டு போட்டுத் தேய்த்து, உயிருள்ள நிறத்தை வெளியே கொண்டுவந்து, அதற்குக் கலக்க வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில், ஹெட்லைட் பொருத்திய இடத்துக்குப் பின்னால் வெயிலே படாத அசல் நிறம் இருக்கும். அது கம்பெனியில் இருந்த நிறத்தைச் சொல்லும். ஒட்டுப்போட வேண்டிய நிறத்தை வெளிப்பக்கம்தான் சொல்லும். இன்னொன்று: அச்சுக்குள் காற்று படாமல் இறுகிய ஜெல்கோட், வெளியே திறந்த இடத்தில் பூசினால் மேல்தோல் பிசுபிசுவென்றே நிற்கும். மேலே ஒரு பிலிம் மூடியோ, மெழுகுக் கரைசல் கலந்தோதான் இறுக வைக்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, முழு வண்டியையும் தேய்த்து புது பெயின்ட் அடித்துவிடலாமே என்று கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேங்க்ஸில் நிறமும் உடலும் ஒரே நாளில், ஒரே அச்சில் பிறந்தவை. மேலே பெயின்ட் ஏறிவிட்டால் அந்த வண்டியின் முகம் போய்விடுகிறது. கூர்ந்து பார்த்தால் தெரியும் ஒரு ஒட்டோடு அசல் ஜெல்கோட் இருப்பதே மேல். உடல் முழுக்க விரிசல் ஓடிப்போன வண்டிக்கு மட்டும்தான் பெயின்ட்.

எந்த வெளிச்சத்தில் ஒத்துப்போகிறது?

பெயின்ட் என்று முடிவானால், அங்கே கடையின் திறமை தெரியும். பெயின்டின் குறியீட்டு எண்ணைச் சொன்னால் கம்ப்யூட்டர் கலவை கொடுத்துவிடும். பல கோணங்களில் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியும் இப்போது கடைகளில் இருக்கிறது. அவை கிட்டத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். பழைய சிவப்பிலும் மஞ்சளிலும் இருந்த ஈய குரோமேட் நிறமிகள் இன்று பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை. வேறு நிறமிகளை வைத்து அந்த நிறத்தை எட்டும்போது டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கும், வாசலுக்குக் கொண்டுவந்தால் பிரிந்துவிடும். நேர்மையான பெயின்டர் இரண்டு மூன்று வெளிச்சத்தில் பார்க்காமல் ‘ஓகே’ சொல்ல மாட்டார்.

மெட்டாலிக் நிறத்தில் அடிக்கும் கையும் நிறத்தை மாற்றுகிறது. டப்பா ஒன்றுதான், ஸ்ப்ரே கன் ஒன்றுதான். பெயின்ட் ஈரமாக விழுந்தால் அலுமினியத் துணுக்குகள் ஆழத்தில் இறங்கித் தாறுமாறாக நிற்கும். நேரே பார்த்தால் நிறம் இருண்டிருக்கும். உலர்வாக விழுந்தால் துணுக்குகள் மேலாகப் படுத்து வெளுப்பாகத் தெரியும். காற்றழுத்தம், கன்னுக்கும் வண்டிக்கும் உள்ள தூரம், தின்னர் சீக்கிரம் காய்வதா மெல்லக் காய்வதா, அன்றைய வெக்கை என எல்லாமே நிறத்தில் கை வைக்கும். அதனால் முதலில் ஒரு அட்டையில், அதே கன், அதே அழுத்தம், அதே எண்ணிக்கைப் பூச்சில் அடித்து, மேலே நிறமற்ற கிளியர் பூச்சும் போட்டு, காய்ந்த பிறகு வண்டியோடு வைத்துப் பார்க்கிறார்கள். நேரே நின்று ஒரு தடவை, பக்கவாட்டில் குனிந்து ஒரு தடவை. நேரே ஒத்துப்போய்ப் பக்கவாட்டில் பிரிவதே அதிகம். அடியில் இருக்கும் பிரைமரின் சாயலும் மெல்லிய சிவப்பு, மஞ்சள் வழியே மேலே தெரியும். ஒட்டிய இடத்தில் சாம்பல் பிரைமர், மற்ற இடத்தில் வெள்ளை ஜெல்கோட் என்றால் எவ்வளவு சரியாகக் கலக்கினாலும் பயன் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதை ஒரே கோட்டில் நிறுத்தினால் கண் பிடித்துவிடும். பக்கத்து பாகத்துக்குள் நிறத்தை மெல்ல மெல்லக் குறைத்துக் கரைத்து, கிளியரை மட்டும் முழு பாகத்துக்கும் அடித்தால் வித்தியாசம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இங்கேயும் உருண்டு ஓடும் மேங்க்ஸ் மட்கார்டு கஷ்டம் கொடுக்கிறது. கார் கதவைப் போல நிறத்தை நிறுத்த ஒரு விளிம்பே அதில் கிடையாது. மட்கார்டும் பக்கமும் ஒரே வார்ப்பு.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. தகரக் காரில் பெயின்ட் கனத்தை அளந்து பட்டியைக் கண்டுபிடிக்கும் காந்தக் கருவி ஃபைபரில் வேலை செய்யாது. அல்ட்ராசவுண்டு கருவி வேண்டும், இல்லையென்றால் காதும் விரல் முட்டியும்தான். தட்டும்போது பட்டி நிறைந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மட்கார்டின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் பிற்காலத்தில் வைத்த மேட் தனியாகத் தெரியும்.

நம் பக்கம்

பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982-ல் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவிக் கொண்டுவந்த ‘டால்ஃபின்’ முழுக்க ஃபைபர் உடல்தான். கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபைபர் உடலில் ‘ஃபார்முலா மாருதி’ பந்தய வண்டிகளைக் கட்டி, ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையம் பந்தயத்தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் கடற்கரைக் குப்பங்களில் வரிசையாகக் கிடக்கும் ஃபைபர் படகுகளும் அதே மேட், அதே ரெசின். அவற்றுக்கு ஒட்டுப்போடும் கை கார் மட்கார்டுக்கும் போட முடியும். மேயர்ஸ் வந்த வழியும் அதுதானே.

ஆனால் அந்தக் கைகள் பெரும்பாலும் வெறுங்கைகளாக இருப்பது மனதை உறுத்துகிறது. ஹார்டனர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். ரெசினைச் சீக்கிரம் இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட் கரைசலையும் ஹார்டனரையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்டை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே ஹார்டனர். இரண்டு டப்பா பெயின்டின் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், பிறகு அந்த வாசனை பட்டாலே மூச்சு திணறும் ஆஸ்துமாவாக மாறிவிடும். முகத்தில் கட்டிய கர்ச்சீஃப் எதையும் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம், கண்ணாடி, கையுறை இவற்றின் விலையையும் கஸ்டமரிடம் வாங்கும் கூலியில் சேர்த்தே கணக்கிட வேண்டும். கஸ்டமரும் அதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது.

மேங்க்ஸின் கதைக்குத் திரும்பினால், பின்னாளில் மீண்டும் தொடங்கிய தன் கம்பெனியை மேயர்ஸ் 2020-ல் விற்றார். 2021 பிப்ரவரியில் 94 வயதில் காலமானார். மின்சாரத்தில் ஓடும் மேங்க்ஸ் 2022-ல் அறிமுகமானது. ‘ஓல்டு ரெட்’ 2014-லேயே அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டது.

அங்கே பழைய பீட்டிலை வெட்டி மேங்க்ஸ் உடலை ஏற்றிச் சாலையில் ஓட்டுவது போல இங்கே செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி ஓட்டுவதைத் தடுக்கின்றன. பந்தயத்தடத்துக்குள்ளோ சொந்த நிலத்திலோ ஓட்டும் வண்டியில் கைவரிசையைக் காட்டலாம். சாலையில் ஓடும் பழைய டால்ஃபினைச் சீர்செய்பவர் அசல் வடிவத்தை விட்டு விலகாமல் இருப்பது நல்லது. ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருக்கிறது. வேறு நிறம் அடிக்க ஆசை வந்தால், பெயின்ட் கடைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.